வாண்டில் ஆற்றில் ஒரு வருடம்: மரக்கட்டையும் தும்பு உருளையும் கொஞ்சம் டிரவுட்டும்

எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் தூண்டில் கோலைவிடக் கொட்டாப்புளிக்குத்தான் வேலை அதிகம். தேம்ஸ் வட்டார ஆறுகளில் பிரவுண் டிரவுட் பிடிக்க ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் அனுமதி. மற்ற ஆறு மாதமும் மீனுக்கு விடுமுறை, எங்களுக்குக் கிடையாது. போன வருடம் ஆற்றின் ஒரு சின்னத் துண்டைச் சரிசெய்ய என்ன செய்தோம், எது பலித்தது என்று எழுதிவைக்கிறேன். மீன் கதையும் வரும், கடைசியில்.

முதலில் ஆற்றைப் பற்றி. வாண்டில், தென் லண்டனின் வீடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நடுவே ஓடுகிறது. க்ரொய்டன் பக்கமும் கார்ஷல்டன் குளங்களிலும் ஊற்றாகப் பிறந்து, மிட்சம், மோர்டன், கொலியர்ஸ் வுட் வழியாக வந்து வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் சேர்கிறது. மொத்த நீளம் 14 கிலோமீட்டர் அளவுதான். டூட்டிங்குக்கு மரக்கறி வாங்க வருகிற நம் ஆட்கள் பலர், கீழே ஓடுவது ஆறு என்று தெரியாமலே பாலத்தைக் கடந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் அது கொங்கிரீட் சுவருக்குள் கால்வாய் மாதிரித்தான் கிடக்கிறது.

ஆனால் அது சாதாரண ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் வடிகட்டி வருகிற ஊற்றுநீர் ஆறு. இந்த வகை ஆறுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. ஊற்றுவாயில் தண்ணீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய 10 டிகிரியில் வரும். தெளிவு கண்ணாடி மாதிரி. ஒரு காலத்தில் இங்கே டிரவுட்டுக்குப் பஞ்சமே இல்லை. மெர்ட்டனில் குடியிருந்த அட்மிரல் நெல்சன், ஒரு கையை இழந்த பிறகும் இந்த ஆற்றில் தூண்டில் போட்டிருக்கிறார். வில்லியம் மொரிஸ் 1881இல் மெர்ட்டன் அபேயில் துணி அச்சிடும் பட்டறை வைத்தது இந்தத் தண்ணீரை நம்பித்தான். ஆலைகள் வரிசையாக வந்தன, சாயமும் கழிவும் சேர்ந்தன. 1960களில் இதை ஆறு என்று சொல்லாமல் சாக்கடை என்றே அதிகாரிகள் கணக்கில் வைத்திருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மீண்டது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்த டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2007 செப்டம்பரில் பெடிங்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்து ஆயிரக்கணக்கில் மீன் செத்தது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. சங்கத்தில் மூத்தவர்கள் அந்த வாரத்தைப் பற்றி இன்னும் கதைப்பார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது மிட்சத்துக்கும் மோர்டனுக்கும் இடையில் ஒரு பூங்காவை ஒட்டிய பகுதி. பார்வைக்கு வடிவாகத்தான் இருக்கும், வாத்துகள் நீந்தும். மீனுக்கு ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் வெள்ளத் தடுப்புக்கென்று ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, நேராக்கி விட்டுவிட்டார்கள். நான்கு மீட்டர் அகலத்தில் துள்ளி ஓட வேண்டிய தண்ணீர் ஏழு மீட்டரில் பரந்து சோம்பிக் கிடக்கிறது. ஓட்டம் இல்லையென்றால் வண்டல் படியும். வண்டல் படிந்தால் அடியில் இருக்கும் சரளைக்கல் மூச்சுவிடாது.

டிரவுட்டுக்கு எல்லாமே அந்தச் சரளைதான். நவம்பர் முதல் ஜனவரிக்குள் பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு, மேலே மறுபடி கல்லை மூடும். கற்களுக்கு நடுவே தண்ணீர் ஊடுருவி ஓட்சிசனைக் கொண்டுபோனால்தான் முட்டை பிழைக்கும். 10 டிகிரித் தண்ணீரில் பொரிக்க ஆறு வாரம் போல ஆகும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றுப் பையில் இருக்கும் மஞ்சள் கரையும் வரை கல்லுக்குள்ளேயே இருக்கும். அந்த இரண்டரை மாதத்தில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு படிந்தால் கதை முடிந்தது. சோதிக்கச் சுலபமான வழி உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று குதிக்காலால் படுகையை ஓர் உதை உதைத்தால் போதும். எங்கள் இடத்தில் கிளம்பிய பழுப்புப் புகை கீழே பாலம் வரைக்கும் போனது.

மீனை வாங்கி ஆற்றில் விட்டால் என்ன என்று வருடாவருடம் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பண்ணை டிரவுட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டினால் அன்றைக்கே தூண்டிலில் சிக்கும், படம் எடுக்கலாம். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. பண்ணை மீன் குளிர்காலம் தாண்டி நிற்பது அபூர்வம். இப்போது ஆறுகளில் விடுவதற்குப் பெரும்பாலும் மலட்டு மீனுக்குத்தான் அனுமதியும் தருகிறார்கள். இனப்பெருக்கம் செய்யாத மீனை வருடம்தோறும் காசு கொடுத்து விடுவதை விட, அந்தக் காசுக்குச் சரளைக்கல் வாங்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். இதில் பாதிச் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டியிருக்கும், மரத்தில் கை வைக்கக் கூடாது. அக்டோபர் பிந்திவிட்டால் மீன் முட்டையிட வந்துவிடும், படுகையில் கால் வைக்கக் கூடாது. ஆகவே மரத்தை பிப்ரவரியில் வெட்டி அடுக்கிவைத்துவிட்டு, செப்டம்பரில் ஆற்றுக்குள் இறக்குவது என்று முடிவானது. இடைப்பட்ட மாதங்கள் காகித வேலைக்கு. வாண்டில் பிரதான ஆறுகளின் பட்டியலில் இருப்பதால் சுற்றுச்சூழல் முகமையிடம் வெள்ள அபாய அனுமதி வாங்க வேண்டும். குறுக்குவெட்டு வரைபடம், கட்டை எந்த உயரத்தில் இருக்கும், வெள்ளம் வந்தால் நீர்மட்டம் கூடாது என்பதற்கு விளக்கம், எல்லாம் கேட்பார்கள். பூங்கா நகரசபைக்குச் சொந்தம், அவர்கள் சம்மதமும் வேண்டும். முக்கியமாக, கரையில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிராமத்து ஆறென்றால் இந்தக் கவலை இல்லை. லண்டனில் ஆறடி முளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாது.

வேலையின் மையம் மரக்கட்டைதான். 30 சென்டிமீட்டர் தடிப்பில், மூன்று மீட்டர் நீளத்தில் ஆல்டர் மரத் துண்டுகள். வில்லோவும் இருந்தது, ஆனால் பச்சை வில்லோவைத் தண்ணீரில் போட்டால் கிளுவைக் கதியால் நட்டது போல வேர்விட்டுத் துளிர்த்து, நாலு வருடத்தில் ஆற்றையே மூடிவிடும். ஆல்டர் தண்ணீருக்குள் லேசில் உளுத்துப்போகாது.

கட்டையை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புவார்கள். அடிப்பக்கத்தைக் கரைக்குள் புதைத்து, நுனியை நீரோட்டத்தோடு கீழ்ப்பக்கமாகச் சரித்தால்தான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கட்டையின் மேலாக வழிகிற தண்ணீர், கட்டைக்குச் செங்குத்தான திசையில்தான் கீழே விழும். நுனி கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் அது நேராகக் கரையில் மோதி மண்ணைத் தின்னும். நுனி மேல்பக்கம், ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்திருந்தால், விழுகிற தண்ணீர் நடு ஆற்றுக்குத் திரும்பும். அங்கே படுகையைக் குடைந்து மடு உண்டாக்கும். குடைந்த சரளையைக் கழுவிக் கொஞ்சம் கீழே மேடாகக் குவிக்கும். மடுவில் பெரிய மீன் ஒதுங்கும், மேட்டில் முட்டையிடும். மண்வெட்டியால் ஒரு வாரம் செய்கிற வேலையை ஆறு சம்பளம் கேட்காமல் செய்துவிடும். கட்டை தாழ்வாகக் கிடக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சாதாரண நாளில் நுனி தண்ணீருக்கு மேல் லேசாகத் தெரிந்தால் போதும், வெள்ளத்தில் முழுக்க மூழ்கிவிட வேண்டும்.

பொருத்துகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தவறினால் முதல் வெள்ளத்திலேயே கட்டை வாண்ட்ஸ்வொர்த் போய்ச் சேரும். கட்டையின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக 1.8 மீட்டர் செஸ்நட் மர முளைகள். அடிக்க, இரண்டு கைப்பிடி வைத்த ஒரு கனமான இரும்புக் குழாய் இருக்கிறது. முளையின் தலையில் கவிழ்த்துத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். முளையை முழுக்க இறக்கிவிடக் கூடாது. கால்வாசி வெளியே நிற்கும்போது நிறுத்தி, 4 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கம்பியைக் கட்டைக்கு மேலாக ஒரு முளையிலிருந்து எதிர் முளைக்குக் குறுக்கே இழுத்து, வேலிக்கு அடிக்கும் ப வடிவ ஆணியால் இரண்டு முளையிலும் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு முளையையும் மாறி மாறி இன்னும் ஒரு சாண் இறக்கினால், கம்பி கீழே இழுபட்டுக் கட்டையைப் படுகையோடு நெரித்துப் பிடிக்கும். கம்பியை விரலால் சுண்டினால் வீணைக் கம்பி மாதிரி ஓசை வர வேண்டும். வராவிட்டால் இன்னும் இரண்டு அடி. முளையில் மிஞ்சிய தலையைக் கட்டையின் மட்டத்துக்கு வாளால் அறுத்துவிடுவோம். இல்லாவிட்டால் நெகிழிப் பை எல்லாம் அதில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கட்டைக்குப் பின்னால் கரையோரம் ஓட்டம் செத்த இடம் ஒன்று உண்டாகும். அதில் சுள்ளிக்கட்டுகளை நெருக்கி அடுக்கினோம். ஆறு கொண்டுவருகிற வண்டல் முழுக்க அங்கே போய்த் தங்கும், நடுவில் தங்காது. சுள்ளியின் வெளி விளிம்பில்தான் தும்பு உருளை. மூன்று மீட்டர் நீளம், ஓர் அடி விட்டம். தேங்காய்த் தும்பை இறுக்கி, தும்புக்கயிற்று வலைக்குள் திணித்தது. கோரையும் மஞ்சள் ஐரிஸும் நீர்ப்புதினாவும் ஏற்கெனவே அதில் வேர்விட்டு வரும். காய்ந்திருக்கும்போது ஒருவர் தூக்கலாம், நனைந்தால் நாலு பேர் வேண்டும். உருளை உக்கிப்போக சில வருடம் ஆகும். அதற்குள் செடியின் வேர் கரையைப் பிடித்துவிடும்.

உருளையை முளையில் கட்டிக்கொண்டிருந்தபோது நடைப்பயிற்சிக்கு வந்த ஐயா ஒருவர் நின்று பார்த்தார். காரைநகர்ப் பக்கத்துக்காரர், மகள் வீட்டில் இருக்கிறாராம். "தம்பி, உப்பிடிக் கட்டினா ரெண்டு மழைக்குத் தாங்காது. முளையிலை ரெண்டு சுத்துப் போட்டிட்டு, கயிறை நனைச்சு இறுக்கும்" என்றார். நனைத்தால் தும்புக்கயிறு புடைத்து முடிச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் ஆற்றுக்குள் நின்றுகொண்டு கயிறைக் காய்ந்த வாளியில் வைத்திருந்தோம். பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றினோம். ஐயாவுக்கு இப்போது சங்கத்தில் தேநீர் உரிமை உண்டு.

சரளை போட்டது ஓர் இடத்தில் மட்டும், கடைசிக் கட்டைக்குக் கீழே. ஆறு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் கனம் என்றால் 14 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எடையில் சுமார் 24 டன். கல் 10 முதல் 50 மில்லிமீட்டர் வரை கலந்திருக்க வேண்டும். ஒரே அளவில் அரித்தெடுத்த தோட்டக் கல் கூடாது. கூர்மையாக உடைத்ததும் கூடாது. சங்கிலிச் சக்கரம் வைத்த குட்டி டம்பர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அதன் வாடகை கல்லின் விலையில் பாதி. தள்ளுவண்டியில் தள்ளியிருந்தால் சங்கமே கலைந்திருக்கும்.

இன்னொரு விஷயம்: ஆற்றில் இறங்குகிற எவரும் கையில் கீறல் இருந்தால் ஒட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயல்காரருக்குத் தெரிந்த அதே எலிக்காய்ச்சல் இங்கேயும் உண்டு. அதேபோல வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை), வலை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகுதான் வேறு ஆற்றுக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்க நண்டிறாலும் மிதக்கும் பென்னிவோர்ட் கொடியும் இப்படி ஒட்டிக்கொண்டுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

ஜூனில் ஒரு நாள் களை பிடுங்கப் போவோம். இமாலயப் பால்சம் என்கிற செடி, 1839இல் தோட்டத்துக்கு அழகு என்று கொண்டுவந்தது. நம் காசித்தும்பையின் நெருங்கிய சொந்தம், பூவும் காயும் அப்படியே. காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதையை ஏழு மீட்டர் தூரம் எறியும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மற்றச் செடியை எல்லாம் அமுக்கிவிட்டு, குளிர்காலத்தில் தான் மட்டும் செத்துப்போகும். கரை மொட்டையாக நிற்கும், மண் ஆற்றுக்குள் சரியும், அது நேராகச் சரளையில் வந்து படியும். வேர் ஆழமில்லை, பிள்ளைகள்கூடப் பிடுங்கலாம். பூக்கும் முன் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு மட்டும் ஆட்கள் தானாக வருகிறார்கள்.

வேலை பலித்ததா என்று பார்க்க எங்களிடம் இருக்கும் நல்ல அளவுகோல் பூச்சிக் கணக்கு. மாதம் ஒருமுறை மூன்று நிமிடம் படுகையை உதைத்து வலையில் பிடித்து, ஒரு நிமிடம் கல்லைப் புரட்டித் தேடி, வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணுவது. எட்டு வகைப் பிராணிகள்தான் கணக்கு: ஆலிவ் ஈக்களின் இளம் பருவம், மண்ணாலும் கல்லாலும் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழு, கூடில்லாத கேடிஸ், கமாரஸ் என்ற குட்டி இறால், இப்படி. ஒன்று முதல் ஒன்பது வரை இருந்தால் ஒரு புள்ளி, நூறுக்குள் இரண்டு, ஆயிரத்துக்குள் மூன்று, அதற்கு மேல் நான்கு. மொத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் முகமைக்குத் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் கல் ஈ கிடைத்ததே இல்லை. கமாரஸ் மட்டும் எப்போதும் தட்டு நிறைய நெளியும்.

ஜூலையில் எண்ணிக்கை சரிந்தது. பல வாரம் வெயில் அடித்துவிட்டு இடியோடு மழை கொட்டினால், தெருவில் சேர்ந்த டயர்த் தூளும் எண்ணெயும் நாய்க்கழிவும் மழைநீர்க் குழாய் வழியாக ஒரே மூச்சில் ஆற்றுக்குள் வரும். அதைத்தான் முதலில் சந்தேகித்தோம். ஆனால் மழை விட்ட பிறகும் ஒரு குழாயின் வாயில் வெள்ளையாக நுரை நின்றது, சலவைத்தூள் மணமும் வந்தது. மேலே ஏதோ ஒரு வீட்டில் சலவை இயந்திரத்தைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்காமல் மழைநீர்க் குழாயில் இணைத்திருக்கிறார்கள். புதிதாகச் சமையலறை கட்டும்போது இது அடிக்கடி நடக்கிற தவறு, வீட்டுக்காரருக்கே தெரியாது. குழாய் வாயில் கம்பி வலைக் கூடு ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் என்ன மாட்டுகிறது என்று பார்ப்பது ஒரு பழைய உத்தி. துடைக்கும் ஈரத்தாள் மாட்டினால் கழிப்பறையும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டவில்லை. படத்தோடு முறையிட்டோம், கண்டுபிடித்து மாற்றப் பல மாதம் ஆனது. இன்று அந்தக் குழாயில் தெளிந்த தண்ணீர்தான் வருகிறது. என்னைக் கேட்டால், வருடம் முழுக்கச் செய்ததில் ஆற்றுக்கு அதிகம் உதவியது இந்தப் புகார்க் கடிதம்தான். ஆனால் அதற்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

ஜனவரி வெள்ளம் வந்துபோன பிறகு போய்ப் பார்த்தோம். கட்டைகள் எல்லாம் இருந்தன. முதல் இரண்டுக்கும் முன்னால் இடுப்பளவு மடு விழுந்திருந்தது, முன்பு அங்கே முழங்கால்தான். மூன்றாவது கட்டை, நாங்கள் வரைபடத்தில் போட்ட இடத்தில் இல்லாமல் எதிர்க்கரையோரம் சரளையைக் குவித்திருந்தது. அங்கே யாரும் மேடு எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் மேல்தான் மேசை அளவுக்கு வெளிறிய ஒரு திட்டு தெரிந்தது. சுற்றிலும் பாசி படிந்த பழுப்புக் கல், நடுவில் மட்டும் துடைத்துவிட்டது போலச் சுத்தமான கல், மேல்பக்கம் குழி, கீழ்ப்பக்கம் குவியல். டிரவுட் முட்டையிட்ட இடம். 24 டன் கல் வாங்கிப் போட்ட இடத்தை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு முளை நட்டுக் கயிறு கட்டி, ஏப்ரல் வரை அந்தப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது என்று எழுதிவைத்தோம்.

மீன்பிடிப் பருவத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்கு மேலே கிளைகள், எனவே ஏழடிக் கோல் போதும். வாண்டிலில் பறக்கும் ஈயைவிட அடியில் ஊரும் கமாரஸைத்தான் மீன் அதிகம் தின்கிறது. அதனால் பழுப்பு ரோமத்தால் சுற்றி, மெல்லிய தங்கூசியில் கட்டிய இறால் உருவம்தான் எனக்குக் கைகொடுத்தது. எதிர்முள் இல்லாத தூண்டில்தான் போட வேண்டும், மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றிவிட வேண்டும். தண்ணீர் 19 டிகிரியைத் தொட்டால் அன்றைக்கு மீன்பிடி நிறுத்தம். சூட்டில் ஓட்சிசன் குறைந்த தண்ணீரில் களைத்த டிரவுட் விட்ட பிறகும் செத்துப்போகும். ஓகஸ்டில் பாதி நாள் இப்படியே போயிற்று, கோலை வீட்டில் வைத்துவிட்டுக் குப்பை பொறுக்கினோம். சப் என்ற மீனுக்கு ரொட்டித் துண்டு போட்டுப் பிடித்தவர்களும் உண்டு, அது வேறு கணக்கு.

செப்டம்பரில் இரண்டாவது கட்டையின் கீழே என் தூண்டிலில் ஒன்று கொளுவியது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி, அதற்குக் கீழே மை தொட்ட விரலால் வரிசையாக அழுத்தியது போலச் சாம்பல் பட்டைகள். அந்தப் பட்டை இளம் மீனுக்கு மட்டும்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் யாரும் குஞ்சு விடவில்லை. அப்படியென்றால் இந்த ஆற்றிலேயே பொரித்தது.

அடுத்த வேலை கீழே இருக்கும் பழைய ஆலைத் தடுப்பணை. ஆலை போய்விட்டது, அணை மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டி மேலே ஏற டிரவுட்டால் முடியாது, விலாங்குக்கும் கஷ்டம். உடைத்தால் பின்னால் தேங்கிய பழைய சேறு எல்லாம் ஒரேயடியாக இறங்கும். சரிவுப் பாதை கட்டினால் செலவு. அதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து கதைத்துக்கொண்டிருக்கிறோம், நான் உடைக்கும் கட்சி. முடிவாகும் வரை கட்டை வேலை தொடரும். பிப்ரவரியில் மரம் வெட்டும் நாள் வைத்திருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் கையுறை மட்டும் கொண்டுவந்தால் போதும். வேடர்ஸ் சங்கத்தில் எல்லா அளவிலும் இருக்கிறது. பச்சைப் பட்டி வைத்ததை மட்டும் எடுக்க வேண்டாம், இடது கால் ஒழுகும்.